காலில் கரண்ட் வைத்தால் சிறுநீர் கட்டுக்குள் வருமா? கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து ஆட்கள் இந்த இரண்டு நாளில் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை. இருபது வருடமாக தருமபுரியில் பிசியோதெரபி பார்க்கிறேன். மாத்திரை, ஆபரேஷன் இரண்டையும் உங்கள் யூராலஜி டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பாலக்கோடு: அம்மாவுக்கு 61 வயது, சார். டெஸ்டில் கிருமி இல்லை, கல்லும் இல்லை. ஆனால் அவசரம் வந்தால் பாத்ரூம் போவதற்குள் புடவை நனைந்துவிடுகிறது. காலில் கரண்ட் வைக்கச் சொல்கிறார்கள். காலுக்கும் மூத்திரப்பைக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: சம்பந்தம் இருக்கிறதும்மா. கணுக்காலின் உள்பக்க எலும்புக்குப் பின்னால் டிபியல் நரம்பு ஓடுகிறது. அதன் வேர்களில் சிலவும் மூத்திரப்பை நரம்பின் வேர்களும் தண்டுவடத்தின் அடியில் ஒரே இடத்தில், எஸ்2, எஸ்3 என்று சொல்லும் இடத்தில், சேர்கின்றன. காலில் கொடுக்கும் மெல்லிய கரண்ட் அங்கே போய், வேளை கெட்ட வேளையில் சுருங்கும் பையை அடக்குகிறது.

ஊசி முறையில், அந்த எலும்புக்கு மூன்று விரற்கடை மேலே மிக மெல்லிய ஊசியைச் செருகுவோம். வாரம் ஒரு தடவை, அரை மணி நேரம், 12 வாரம். இடம் சரியாக இருந்தால் பெருவிரல் தானாக மடங்கும், இல்லாவிட்டால் உள்ளங்காலில் குறுகுறுக்கும். கரண்டைக் கூட்டும்போது என் கண் அந்த விரலில்தான் இருக்கும். ஊசி இல்லாமல், தோலின் மேலிருந்தே கரண்ட் கொடுக்கும் டென்ஸ் மெஷினின் ஒட்டு பேட் வைத்தும் செய்யலாம். நாலு வாரத்தில் பலன் தெரியவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். பலன் கிடைத்தவர்களும் அப்புறம் மாதம் ஒரு தடவை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

அதற்கு முன்னால் ஒன்று. ஒண்ணுக்குப் போய் வந்த கையோடு ஸ்கேன் எடுத்து, பைக்குள் எவ்வளவு மீதம் நிற்கிறது என்று பாருங்கள். பை காலியாகாமல் நிரம்பி வழிந்தாலும் புடவை நனையத்தான் செய்யும். அது வேறு நோய். மீதம் பார்க்காமல் கரண்ட் வைக்காதீர்கள்.

ஓசூர்: இரண்டாவது டெலிவரிக்குப் பிறகு தும்மினால் சொட்டுகிறது. எனக்கும் கரண்டா?

பதில்: காலில் வைப்பது இதற்கு இல்லை. இடுப்படித் தசைப் பயிற்சிதான். ஒரு பெண் பிசியோவிடம் நேரில் கற்றுக்கொண்டு மூன்று மாதம் விடாமல் செய்யுங்கள்.

அரூர்: தம்பிக்கு 26 வயது, அண்ணா. புளி உலுக்க ஏறி விழுந்து இரண்டு வருடமாகிறது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை. டியூபும் பையும் மாட்டியே இருக்கிறோம். கரண்ட் வைத்தால் தானாகப் போவானா?

பதில்: புளி உலுக்கும் காலம் வந்தால் இப்படி விழுந்தவர்களைப் பார்க்காமல் இருந்ததில்லை. மனதைத் தேற்றிக்கொண்டு கேள், தம்பி. முழுதாக அடிபட்ட தண்டுவடத்தைக் கணுக்கால் கரண்ட் இணைக்காது. இணைக்கும் என்று சொல்லி யார் பணம் கேட்டாலும் கொடுக்காதே.

முழு அடி பட்டவர்களுக்கென்றே ஒரு கருவி உண்டு. 1970களில் லண்டனில் ஜைல்ஸ் பிரிண்ட்லி உருவாக்கினார். முன்பக்க நரம்பு வேர்களில் மின்முனையைப் பொருத்துவார்கள், வெளியில் ஒரு பெட்டியை வைத்து இயக்கினால் பை சுருங்கிக் காலியாகும். ஆனால் அதோடு பின்பக்க வேர்களையும் வெட்டுவது வழக்கம். அப்படி வெட்டினால், மிச்சமிருக்கும் அனிச்சையான ஆண்குறி விறைப்பும் போய்விடும். 26 வயதுப் பையனிடம் இதை மறைக்கக் கூடாது. இடுப்பில் பேஸ்மேக்கர் மாதிரி வைக்கும் இன்னொரு கருவிக்கு அமெரிக்காவில் 1997இல் அனுமதி கிடைத்தது. அது லட்சங்களில் ஆகும், முழு அடி பட்டவர்களுக்குப் பெரிய பலனும் இல்லை.

கை நன்றாக வேலை செய்கிறதா? அப்படியானால் நாளைக்கே அவன் கற்றுக்கொள்ள வேண்டியது, தானே டியூப் போட்டு நீரை எடுத்துவிட்டு டியூபை வெளியே எடுத்துவிடுவது. ஒரு நாளைக்கு நாலிலிருந்து ஆறு தடவை.

காவேரிப்பட்டணம்: குறுக்கே பேசுகிறேன், மன்னிக்கணும். அப்பா எட்டு வருடமாக டியூபோடுதான் இருக்கிறார். தினம் ஆறு தடவை உள்ளே விட்டால் ஆறு தடவை கிருமி போகுமே?

பதில்: எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள், அண்ணா. 1972இல் அமெரிக்காவில் லாபிடெஸ் என்ற யூராலஜி டாக்டர், சோப்பு போட்டுக் கை கழுவினால் போதும், ஆபரேஷன் தியேட்டர் சுத்தம் தேவையில்லை என்று எழுதினார். பைக்குள் நீர் தேங்கி விம்முவதுதான் பெரிய கேடு. உள்ளேயே கிடக்கும் டியூபில் கிருமி ஒட்டிக் கூடு கட்டும், கல்லும் படியும்.

காவேரிப்பட்டணம்: அப்பாவுக்குக் கை நடுங்கும். அவரால் எப்படி முடியும்?

பதில்: முடியாது. அவருக்கு டியூபே சரி. நான் சொல்வது கை நன்றாக இருக்கும் 26 வயதுக்காரனுக்கு.

மத்தூர்: நானே ஐந்து வருடமாகப் போட்டுக்கொள்கிறேன். வேலூர் சிஎம்சியின் பாகாயம் மறுவாழ்வு மையத்தில் கற்றுக்கொடுத்தார்கள். முதல் வாரம் கண்ணாடியில்கூடப் பார்க்கப் பிடிக்கவில்லை. இப்போது பஸ் ஸ்டாண்டில்கூட ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவேன்.

பதில்: அரூர் தம்பி, இவரிடம் பேசு. என்னைவிட இவர்தான் நன்றாகச் சொல்வார். ஒவ்வொரு தடவையும் வரும் அளவை எழுதி வை, 500 மில்லியைத் தாண்ட விடாதே. தண்டுவடத்தில் அடி, நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலேயோ பட்டிருந்து, திடீரென்று தலைவலி, முகம் வியர்த்தால் உடனே நிமிர்ந்து உட்கார வைத்து நீரை எடுத்துவிடு. டியூப் இருந்தால் மடங்கியிருக்கிறதா பார். அப்படியும் அடங்காவிட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பிரஷர் எகிறி உயிருக்கே ஆபத்தாகும்.

ஊத்தங்கரை: ஆன்லைனில் எந்த மெஷின் வாங்கலாம்?

பதில்: முதலில் மீதம் பாருங்கள்.

காரிமங்கலம்: அப்பாவுக்குப் பக்கவாதம். வீட்டில் முட்டிவலிக்கு வைக்கும் மெஷின் இருக்கிறது. அதையே வைக்கலாமா?

பதில்: இதே கேள்வி ஏழாவது தடவை வருகிறது. பேஸ்மேக்கர் இருப்பவர்கள், கர்ப்பிணிகள் வைக்கக் கூடாது. உணர்ச்சியில்லாத தோலில், பக்கத்தில் ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் வைக்கவே கூடாது. வீட்டில் பேட்டைக் கட்டித் தூங்கிவிட்ட ஒருவரின் கணுக்காலில் எட்டணா அகலத்துக்குத் தோல் வெந்திருந்ததை நான் பார்த்தேன். அவருக்கு வலியே தெரியவில்லை. ஆறுவதற்கு நான்கு மாதம் ஆனது.

நல்லம்பள்ளி: மாமாவுக்குப் பல்லெல்லாம் பழுப்பு, முதுகு விறைத்துக் குனிய முடியாது. இப்போது கால் இழுக்கிறது, ஒண்ணுக்கும் அடங்கவில்லை. கரண்ட்?

பதில்: வேண்டவே வேண்டாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன் எத்தனை வருடம் போர் தண்ணீர் குடித்தார்? போர் தண்ணீரில் இருக்கும் ஃப்ளோரைடு எலும்பில் படிந்து தடித்தால் தண்டுவடத்தை அழுத்தும். முதுகு முழுவதும் எம்ஆர்ஐ எடுத்து நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். கால் பலவீனம் கூடிக்கொண்டே போனால் நாளை என்று தள்ளாமல் இன்றே கிளம்புங்கள்.

பாலக்கோடு: நேற்று நீங்கள் சொன்னபடி ஸ்கேன் எடுத்தோம், சார். போய் வந்த பிறகும் 310 மில்லி நிற்கிறதாம்.

பதில்: நல்ல வேளை பார்த்தீர்கள். கரண்ட் இப்போதைக்கு வேண்டாம். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று நாளைக் காலையில் வெறும் வயிற்றில் பாருங்கள். சர்க்கரை கூடினால் பையின் நரம்பு மரத்து, நிரம்பியதே தெரியாமல் போகும். ரிப்போர்ட்டோடு யூராலஜி டாக்டரைப் பாருங்கள். போகும்போது அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு போங்கள்.