கைப்பேசி இல்லாத விடுமுறை முகாமில் பிள்ளைகள் உண்மையில் என்ன கற்றுக்கொள்கிறார்கள்?

கேள்வி கேட்ட அம்மாவின் மகனுக்குப் பத்து வயது. நான்கு நாள் முகாம், கைப்பேசியை வீட்டிலேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்கிறார்களாம். அதனால் பிள்ளை தன் காலில் நிற்கப் பழகுவான், சிக்கல் வந்தால் தானே யோசிப்பான் என்று சொல்கிறார்களே, இது உண்மையா அல்லது வெறும் விளம்பரமா என்று கேட்டிருக்கிறார்.

உண்மைதான். ஆனால் கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டால் மட்டும் அது நடந்துவிடாது. நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

நான் மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் பக்கம் இருக்கிறேன். கிளினிக்கில் தாதி வேலை. பள்ளி விடுமுறையில் எங்கள் பழைய ரப்பர் தோட்டத்து ஆட்கள் சிலர் சேர்ந்து, தமிழ்ப்பள்ளி வளாகத்திலேயே நான்கு நாள் முகாம் நடத்துகிறோம். ஆறு வருடமாக முதலுதவியும் இராக்காவலும் என் பொறுப்பு. வெளிநாட்டில் இதைக் கோடை முகாம் என்பார்கள். நமக்குக் கோடை என்று தனியாக ஒன்று ஏது, காலையில் வெயில், சாயங்காலம் இடி மழை. அதனால் விடுமுறை முகாம் என்கிறோம்.

முதலில் ஒரு அடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் நாள் மதியச் சமையல் பிள்ளைகளுடையது. ஆறு பேருக்கு ஒரு குழு, ஒரு பானை, அளந்த அரிசி, இரண்டு டின் சாடின் மீன், பத்தே பத்து தீக்குச்சி. போன விடுமுறையில் முந்தின இரவு முழுக்கக் கொட்டிய மழையில் விறகெல்லாம் நனைந்து கிடந்தது. ஒரு குழு எட்டுக் குச்சியைக் கிழித்துவிட்டது. செய்தித்தாள் எரிகிறது, விறகு புகைகிறது, அவ்வளவுதான். ஒரு பையன் மற்றவனைத் திட்டுகிறான், இன்னொருவன் என் முகத்தையே பார்க்கிறான். என் சட்டைப்பையில் கொசுவத்தி ஏற்ற வைத்திருந்த லைட்டர் இருந்தது. எடுத்துக் கொடுத்திருந்தால் ஒரு நிமிட வேலை. நான் பேசாமல் போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டேன். அந்த நேரத்தில் அப்படி உட்கார்ந்திருப்பதுதான் என்னைப் பொறுத்தவரை முகாமிலேயே கஷ்டமான வேலை.

அதுவரை அதிகம் பேசாத ஒரு பெண் பிள்ளை எழுந்து என்னிடம் வந்தாள். "அக்கா, பின்னால பால்மரத்துல ஒட்டுப்பால் இருக்கு. பாட்டி அதை வெச்சுத்தான் அடுப்பு மூட்டுவாங்களாம்."

பால்மரம் என்றால் ரப்பர் மரம். அதைச் சீவும் கோட்டில் வழிந்து காய்ந்து ஒட்டிக்கிடக்கும் பால்தான் ஒட்டுப்பால். நூல் போல உரிந்து வரும். நெருப்பைக் கண்டால் பற்றிக்கொண்டு கரும்புகையோடு எரியும். தோட்டத்தில் பிறந்த என் தலைமுறைக்கு இது தெரியும், அவள் தலைமுறைக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. எப்போதோ பாட்டி சொன்ன ஒரு கதையை, தேவைப்பட்ட நேரத்தில் அவளே தேடி எடுத்திருக்கிறாள்.

"அது யாரோட மரம்?" என்று மட்டும் கேட்டேன்.

"வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற பாக்சிக்கோடது."

"அப்போ யாரைக் கேட்கணும்?"

அவள் முகம் சுருங்கிவிட்டது. பாக்சிக் என்றால் மலாய்க்காரப் பெரியவர், மலாய் அவளுக்குச் சரளமில்லை. குழுவில் நன்றாகப் பேசுகிறவன் இன்னொருவன். இருவரும் வேலி வரைக்கும் வாக்கியத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார்கள். "பாக்சிக், மிந்தா கெத்தா கெரிங் சிக்கிட், போலே?" காய்ந்த பால் கொஞ்சம் வேண்டும், தரலாமா என்று அர்த்தம். அந்தப் பெரியவர் சிரித்துவிட்டுத் தன் சாக்கிலிருந்தே ஒரு பிடி அள்ளிக் கொடுத்தார். ஒன்பதாவது குச்சியில் அடுப்பு பற்றியது. புகை அடங்கிய பிறகே பானையை ஏற்றினார்கள். சோறு அடியில் கருகி மேலே நறுக்கென்று இருந்தது. ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்றார்கள்.

மழையில் நனைந்த விறகிலிருந்து சோறு வரைக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த ஒரு மணி நேரத்தைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வருகிறேன். வீட்டில் ஒரு பிள்ளைக்கு ஏதாவது தெரியவில்லை என்றால், எவ்வளவு நேரம் தெரியாமல் இருக்கிறது? அரை நிமிடம்கூட இல்லை. யூடியூப்பில் தேடும், இல்லையென்றால் அம்மாவுக்கு வாட்ஸ்அப் போகும். கேள்விக்கும் விடைக்கும் நடுவில் இடமே இல்லை. எரிச்சல்படுவது, மறந்துபோனதை ஞாபகப்படுத்திப் பார்ப்பது, பக்கத்தில் இருப்பவனுக்கு என்ன தெரியும் என்று கேட்பது, வெட்கத்தை விட்டு அடுத்த வீட்டுக்காரரிடம் போய் நிற்பது எல்லாம் அந்த நடுவில்தான் நடக்கிறது. கைப்பேசி இல்லாதபோது அந்த இடம் திரும்பக் கிடைக்கிறது. ஆனால் பெரியவர்கள் லைட்டரை நீட்டினால் அதுவும் போய்விடும். கைப்பேசியைப் பிடுங்கி வைத்துவிட்டு, நிமிடத்துக்கு ஒரு கட்டளை போடும் முகாம்களும் இருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்துக்கு அனுப்புவதற்கு வீட்டிலேயே இருக்கலாம்.

ஆறு பேர் குழு என்றேன். அது நாங்கள் கண்டுபிடித்தது இல்லை. 1907 ஆகஸ்டில் பேடன் பவல் இங்கிலாந்தில் பிரவுன்சீ தீவில் நடத்திய முகாமில், சுமார் இருபது பையன்களை நான்கு சிறு குழுவாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பையனையே தலைவனாக வைத்தார். சாரணர் இயக்கம் அதிலிருந்துதான் வளர்ந்தது. முப்பது பேர் வரிசையில் நின்றால் ஒரு பிள்ளை சும்மா பின்னால் நின்றுகொள்ளலாம். ஆறு பேரில் முடியாது, தண்ணீர் அவன் எடுத்து வராவிட்டால் தண்ணீரே இல்லை.

ஆராய்ச்சி ஏதாவது உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 2014-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்து ஆய்வாளர்கள் ஒன்றை வெளியிட்டார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 51 பேர் ஐந்து நாள் எந்தத் திரையும் இல்லாமல் வெளிப்புற முகாமில் இருந்தார்கள். வழக்கம்போல் பள்ளிக்குப் போய்வந்த 54 பேரோடு ஒப்பிட்டபோது, முகத்தையும் உடல் அசைவையும் பார்த்து மற்றவர் மனநிலையைப் புரிந்துகொள்வதில் முகாம் பிள்ளைகள் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். இது சுயசார்பை அளந்த ஆய்வு இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் குழுவாக ஒரு சிக்கலைத் தீர்க்கப் பக்கத்தில் இருப்பவன் முகத்தைப் படிக்கத் தெரிய வேண்டுமே.

மூன்றாம் நாள் நடை. பள்ளியிலிருந்து மண்சடக்கு என்கிற மண்பாதை வழியாகத் தோட்டத்துப் பழைய கோயில் வரை போய்த் திரும்ப வேண்டும். முதல் நாளே பிள்ளைகள் கையால் வரைந்த வரைபடம் ஒன்றுதான் துணை. ஒவ்வொரு குழுவுக்கும் பின்னால், கூப்பிடு தூரத்தில் ஒரு பெரியவர் வருவார், ஆனால் வழி சொல்ல மாட்டார். ஒரு வருடம் திரும்பும்போது எங்கள் குழு தவறான நிரையில், அதாவது மர வரிசையில், இறங்கிவிட்டது. பால்மரக் காட்டுக்குள் போனவர்களுக்குத் தெரியும், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரி பால் வடியும் மங்கு, ஒரே மாதிரி நிழல். ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தாள். இருவர் சண்டை போட்டார்கள். கடைசியில் ஒரு பையன், "போகும்போது ஜெராய் மலை நமக்கு முன்னால இருந்துச்சு. அப்போ இப்போ முதுகுப் பக்கம் இருக்கணும்" என்றான். சரி, மலையை எங்கே பார்ப்பது? மரம் மறைக்கிறதே. வரும் வழியில் மறுநடவுக்காக வெட்டிப் போட்டிருந்த வெட்டவெளியை இன்னொருத்தி ஞாபகம் வைத்திருந்தாள். அங்கே போய் நின்றார்கள். 1,217 மீட்டர் மலை, மேகத்தைத் தலையில் சுற்றிக்கொண்டு நின்றது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து வந்து சேர்ந்தார்கள். தினமும் பள்ளிக்கூட ஜன்னலில் தெரிகிற மலைதான். அதைப் பார்த்து வழி கண்டுபிடிக்கலாம் என்று அதுவரை யாருக்கும் தோன்றியதில்லை.

எங்கள் காலத்தில் இதற்கெல்லாம் முகாம் தேவைப்பட்டதில்லை. அம்மாவும் அப்பாவும் இருட்டிலேயே பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் பேர் கொடுக்கும் இடத்துக்கு, போய்விடுவார்கள். எட்டு வயதில் நான் தம்பியைக் குளிப்பாட்டி, வரக்கோப்பியும் ரொட்டியும் கொடுத்து, பள்ளிக்கு இழுத்துக்கொண்டு ஓடுவேன். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அது யாரும் எங்களுக்குக் கற்றுக்கொடுக்க நினைத்துக் கொடுத்த சுதந்திரம் இல்லை, இல்லாமை கொடுத்தது. தம்பி ஒருமுறை கொதிக்கும் தண்ணீரில் கையை விட்டுக்கொண்டபோது பக்கத்தில் ஒரு பெரியவர் கிடையாது. இப்போது தோட்டத்து வரிசை வீடுகளான லயம் போய்விட்டது, தாமான் என்கிற குடியிருப்புப் பகுதி வீட்டில் இரும்புக் கதவுக்குப் பின்னால் பிள்ளைகள் பத்திரமாக இருக்கிறார்கள். அந்தப் பத்திரத்தை விடாமலே பொறுப்பை மட்டும் எப்படித் திரும்பக் கொடுப்பது? அதற்குத்தான் நாங்கள் இந்த நான்கு நாளில் வழி தேடுகிறோம்.

அதனால் எல்லாவற்றையும் பிள்ளைகள் முடிவுக்கு விடுவதில்லை. தண்ணீர் விஷயத்தில் பேச்சே இல்லை. 2021 ஆகஸ்ட் 18 அன்று ஜெராய் மலையில் பெய்த மழை, நீர்ப்பெருக்காகத் திடீரென்று இறங்கி மலை அடிவாரத்து யான் வட்டாரத்தில் உயிர்களைக் கொண்டுபோனது. கீழே மழை இல்லையே என்று ஆற்றில் இறங்க முடியாது, மேலே பெய்தால் போதும். எங்கள் முகாமில் ஆற்றுக் குளியல் இல்லை, இடி கேட்டால் எல்லோரும் கட்டடத்துக்குள். மருந்தும் என் கையில்தான் இருக்கும். ஒரு கைப்பேசியும் முகாமில் உண்டு, அவசரத்துக்கு, பெரியவர் கையில். முகாமைத் தேர்ந்தெடுக்கும்போது இதையெல்லாம் தயங்காமல் கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேராகப் பதில் சொல்ல முடியாதவர்களிடம் பிள்ளையை விடாதீர்கள்.

முதல் இரவு கட்டாயம் யாராவது அழுவார்கள். வீட்டு ஞாபகம் நோய் இல்லை, பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதுதான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2007-இல் இதைப் பற்றி ஓர் அறிக்கையே வெளியிட்டது. அதில் ஓர் ஆலோசனையை நான் ஒவ்வொரு பெற்றோரிடமும் சொல்கிறேன்: "பிடிக்கலைன்னா சொல்லு, அம்மா வந்து கூட்டிட்டு வந்துடறேன்" என்று வாக்குக் கொடுத்து அனுப்பாதீர்கள். நீ சமாளிக்க மாட்டாய் என்று நாமே முன்கூட்டிச் சொல்வதாகத்தான் அது பிள்ளைக்குக் கேட்கும். அப்புறம் அவன் முகாமில் வேறு எதையும் பார்க்க மாட்டான், அந்த வண்டி எப்போது வரும் என்றுதான் பார்ப்பான்.

ஒரு பையன் இரவு பதினொரு மணிக்கு என் பாயோரம் வந்து உட்கார்ந்தான். அம்மாவுக்கு ஃபோன் போட வேண்டும் என்றான். மைலோ கலக்கிக் கொடுத்தேன். "அம்மாகிட்ட என்ன சொல்லப்போற?" என்றேன். யோசித்தான். அதை எழுதித் தா, நாளைக்குத் தபாலில் போடுகிறேன் என்று தாளும் பேனாவும் கொடுத்தேன். அவன் அதுவரை யாருக்கும் கடிதம் எழுதியதில்லை. முகவரியை எங்கே எழுதுவது என்றே தெரியவில்லை. டார்ச் வெளிச்சத்தில் முதல் மூன்று வரி முழுக்க அழுகை. நான்காவது வரியில் கொசு. ஐந்தாவதில், பக்கத்துப் பாய்க்காரன் தூக்கத்தில் பேசுகிறான், அவன் என்ன பேசினான் என்பது. அங்கே எழுதுவதை நிறுத்திவிட்டு, அதை அவனிடமே சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று காலைக்காகக் காத்துக்கொண்டு தூங்கிவிட்டான். கடிதம் அவன் வீடு திரும்பிய பிறகுதான் போய்ச் சேர்ந்தது.

பிள்ளைகளைவிடப் பெற்றோருக்குத்தான் இந்த நான்கு நாள் கஷ்டம். அது எனக்குப் புரிகிறது, நானும் ஒரு தாய். ஒரு நாளைக்கு ஒரு படமாவது வாட்ஸ்அப்பில் போடுங்கள் என்று கெஞ்சுவார்கள். போடுவதில்லை. படத்தில் பிள்ளை சிரிக்கவில்லை என்றால் பொரித்த கோழியோடு பள்ளி வாசலுக்கு வந்துவிடுவார்கள், வந்திருக்கிறார்கள்.

உங்கள் மகனைப் பற்றி: போவதா வேண்டாமா என்பதை அவனையும் சேர்த்து முடிவு செய்யுங்கள். முகாமுக்கு முன்னால் ஒன்றிரண்டு இரவு பாட்டி வீட்டிலோ சித்தி வீட்டிலோ நீங்கள் இல்லாமல், ஃபோன் இல்லாமல் தங்கட்டும். மூச்சு இழுப்புக்கோ ஒவ்வாமைக்கோ மருந்து இருந்தால் அதை மட்டும் நீங்களே பொறுப்பாளர் கையில் கொடுங்கள். மற்றபடி பையை அவனே அடுக்கட்டும். துண்டு எடுத்து வைக்கவில்லை என்று உங்கள் கண்ணில் பட்டாலும் பேசாமல் இருங்கள். எங்களிடம் கூடுதலாக நான்கு துண்டு எப்போதும் இருக்கும். அவனாக வந்து கேட்டால் தருவோம்.