கல்லுல காந்தம் ஒட்டுது, சரி. அதுக்கு 60 ஆயிரமா?

ராயபுரத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க, காசிமேட்டுல மீன் ஏலம் எடுத்து யாவாரம் பண்றவங்க. "அண்ணா, திருவண்ணாமலை பக்கம் எங்க அப்பா வழில 4 ஏக்கர் நிலம் இருக்கு, மானாவாரி, மல்லாட்டை போடுவாங்க. வரப்போரம் கருப்பா பட்டை பட்டையா கல்லு கிடக்கு, பழைய ஸ்பீக்கர் காந்தத்த வச்சா டக்குன்னு புடிச்சிக்குது. ஒருத்தர் ஸ்கேனர் மெஷினோட வந்து, 60 ஆயிரம் குடுத்தா எத்தன அடில எத்தன டன் இரும்பு இருக்குன்னு பிரிண்ட் போட்டே தர்றேன்றாரு. அண்ணனுங்க ரெண்டு பேரும் குடுத்துடலாம்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. குடுக்கலாமா?"

குடுக்காதீங்கம்மா. அண்ணனுங்க ஏன்னு கேப்பாங்க இல்ல, அதுக்குத்தான் மிச்சத்த எழுதுறேன்.

மொதல்ல, உங்க நிலத்துல அந்தக் கல்லு கிடக்குறது ஒண்ணும் அதிசயம் இல்ல. சேலம் கஞ்சமலை, கொல்லிமலை, தருமபுரி பக்கம் தீர்த்தமலை, திருவண்ணாமலை பக்கம் கவுத்திமலை வேடியப்பன்மலை, இங்கெல்லாம் மேக்னடைட் குவார்ட்சைட்னு ஒரு பாறை ஓடுது, வெள்ளை வரி கருப்பு வரின்னு மாறி மாறி இருக்கும், வெள்ளை குவார்ட்ஸ், கருப்பு மேக்னடைட்ங்குற காந்தம் ஒட்டுற இரும்புக் கனிமம். இதுல இரும்பு பொதுவா 35ல இருந்து 40 சதவீதம். சுத்தமான மேக்னடைட்லயே 72 சதவீதம்தான் இரும்பு, மிச்சம் ஆக்சிஜன். 1830கள்ல ஹீத்னு ஒரு வெள்ளக்காரர் பரங்கிப்பேட்டைல உலை வச்சு இரும்பு உருக்குனாரே, அவரு கொண்டு போனதும் சேலத்துத் தாதுதான். அதனால இருக்கான்னு கேட்டா, இருக்க வாய்ப்பு இருக்கு. ஆனா கல்லு இருக்குறது வேற, அது தாதுன்னு, அதாவது தோண்டி எடுத்தா கட்டுபடியாகுற கல்லுன்னு, ஆகுறது வேற. அந்த ஸ்கேனர்காரர் இந்த எடவெளிலதான் சம்பாதிக்கிறாரு.

காந்தம் ஒட்டுதுங்குறத மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. டோலரைட்னு ஒரு கருங்கல்லு, கல்லறைக்கு பாலிஷ் போட்டு வைப்பாங்களே பிளாக் கிரானைட்னு, அதுலயும் கொஞ்சம் மேக்னடைட் இருக்கும், நல்ல காந்தம்னா அதையும் இழுக்கும். நம்ம பரங்கிமலை, பல்லாவரத்துக் கல்லு சார்னகைட், அதுலயும் பொடிப்பொடியா உண்டு. எண்ணூர் கடற்கரைல அலை ஒதுங்குற எடத்துல கருப்பு மணல் கோடு தெரியும் பாருங்க, அதுல காந்தத்த விட்டா மீசை மாதிரி ஒட்டிக்கிட்டு வரும், அதுக்காக எண்ணூர்ல இரும்புச் சுரங்கம் தோண்டவா முடியும்?

சரி, காசு செலவில்லாம வீட்லயே பாக்கலாம், ரெண்டு டெஸ்ட். ஒண்ணு, பாத்ரூம் டைல்ஸ் ஒண்ணு எடுத்து வழவழப்பில்லாத பின்பக்கம் கல்லோட கருப்பு வரிய அழுத்தி இழுங்க. கோடு கருப்பா விழுந்தா மேக்னடைட். செங்கல் மாதிரி செவப்பா விழுந்தா ஹேமடைட்னு இன்னொரு இரும்புக் கனிமம், இல்லன்னா மேக்னடைட்டே வெயில் மழைல துருவேறி ஹேமடைட்டா மாறினது. ராயபுரத்துக்காரங்களுக்கு இந்தச் செவப்ப நான் சொல்லித்தர வேணாம், 2011ல கோர்ட் நிறுத்துற வரைக்கும் ஹார்பர்ல பெல்லாரி, ஹோஸ்பேட் தாது ஏத்துன காலத்துல மொட்டமாடில காயப்போட்ட வேட்டில படிஞ்சுதே, அதே செவப்புதான், அது ஹேமடைட்.

ரெண்டாவது, இது எனக்கு ரொம்பப் புடிச்சது, உங்ககிட்டதான் மீன் எடை போடுற எலக்ட்ரானிக் தராசு இருக்கே. கல்ல காய வச்சு எடை போடுங்க, 725 கிராம் வருதுன்னு வைங்க. அப்புறம் ஒரு சின்ன பக்கெட்ல தண்ணி ஊத்தி தராசு மேல வச்சு ஜீரோ பண்ணிடுங்க, கல்ல தூண்டில் நரம்புல கட்டி தண்ணிக்குள்ள முழுசா முங்குற மாதிரி தொங்க விடுங்க, அடியும் தொடக்கூடாது பக்கமும் தொடக்கூடாது, கயித்த நீங்கதான் கைல புடிச்சிருக்கணும். இப்ப தராசு காட்டுறது கல்லு எத்தன மில்லி எடம் அடைக்குதுன்னு, 205 வருதுன்னு வைங்க. 725ஐ 205ஆல வகுத்தா 3.5 சொச்சம், அதுதான் கல்லோட அடர்த்தி, தண்ணிய விட எத்தன மடங்கு கனம்னு. வெறும் குவார்ட்ஸ் 2.65தான், மேக்னடைட் 5.2, டோலரைட் 3க்கு பக்கத்துல நிக்கும். ஆக 3.5 வந்தா ஏறக்குறைய பாதி எடை மேக்னடைட், இரும்பு 37 சதவீதம் வாக்குல. 2.7, 2.8ன்னு வந்தா அண்ணனுங்கள நிம்மதியா தூங்கச் சொல்லுங்க. 5 கிராம் 10 கிராம்னு தாவுற தராசுன்னா பெரிய கல்லா எடுங்க, ஒரு கல்லோட நிறுத்தாம வெவ்வேற எடத்துல அஞ்சாறு கல்லு போட்டுப் பாருங்க, நல்லா மினுக்குற கல்ல மட்டும் பொறுக்கிட்டு வர்றதுதான் எல்லாரும் பண்ற தப்பு.

இப்ப மெஷினுக்கு வருவோம். மேக்னடைட்ட தேட உண்மையிலேயே மெஷின் உண்டு, மேக்னடோமீட்டர்னு பேரு, நானும் வருஷக்கணக்கா தோள்ல போட்டுட்டு நடந்தவன்தான். பூமியோட காந்தபலத்த அளக்குற கருவி அது, நம்ம பக்கம் அது 40 ஆயிரம் நானோடெஸ்லாவுக்குக் கொஞ்சம் மேல, கீழ மேக்னடைட் பட்டை இருந்தா அந்த எண்ணு நூத்துக்கணக்குல, சில எடத்துல ஆயிரக்கணக்குல மாறும். மாறும்னுதான் சொன்னேன், ஏறும்னு சொல்லல. இங்கதான் போலி ஆளு மாட்டுவாரு. கேரளால தும்பால ராக்கெட் தளம் வச்சதே காந்த நடுக்கோடு அந்தப் பக்கம் ஓடுதுங்குறதாலதான், அந்தக் கோட்டுக்கு பக்கத்துல இருக்குறதால தமிழ்நாட்டுல பூமியோட காந்தக் கோடுங்க ஏறத்தாழ படுத்தாப்ல போகும், வடக்க போகப் போகத்தான் தரைக்குள்ள சாயும். படுத்த கோட்டுல பாறை காந்தமானா அதுக்கு நேர் மேல பூமியோட பலத்த எதிர்த்து நிக்கும், அதனால தாது பட்டைக்கு மேல ரீடிங் பெரும்பாலும் எறங்கும், ஏறுறது பக்கத்துல தெரியும். பட்டை வடக்கு தெற்கா நீளமா ஓடுச்சுன்னா சிக்னலே மங்கலாதான் வரும். பாறைக்குள்ள பழைய காலத்துக் காந்தம் தங்கியிருந்தா இந்தக் கணக்கும் கலையும், அது தனி தலைவலி. ஒருத்தர் வந்து "இங்க ரீடிங் எகிறுது, கீழ இரும்பு கொட்டிக் கிடக்கு"ன்னு சொன்னாருன்னா ரெண்டு கேள்வி கேளுங்க. பேஸ் ஸ்டேஷன் எங்க வச்சீங்க? காந்தக் கோட்டோட சாய்வுக்கு கணக்கு எப்படி போட்டீங்க? பேஸ் ஸ்டேஷன்னா ஒரு கருவிய ஒரே எடத்துல நாள் முழுக்க விட்டு வைக்கிறது, ஏன்னா காலைல இருந்து மதியம் வரைக்கும் பூமியோட எண்ணே தானா ஏறி எறங்கும், அதக் கழிக்கலன்னா மதியம் எடுத்த ரீடிங் எல்லாம் தாது மாதிரியே தெரியும்.

கருவி அவ்வளவு லேசுல ஏமாறும். பம்பாய்ல டிராம் கரண்ட்ல ஓடப் போகுதுன்ன உடனே கொலாபால இருந்த காந்த ஆய்வுக்கூடத்த அலிபாக்குக்குத் தூக்கிட்டுப் போனாங்க, 1900கள் ஆரம்பத்துல. நானே வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு காலைப் பொழுது முழுக்க பெல்ட் பக்கிளோட நடந்து ரீடிங் எடுத்து சீனியர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டவன். உங்க நிலத்துல போர்வெல் கேசிங் பைப்பும் முள்வேலியும் இருந்தா அதுங்களே தாதுவாட்டம் காட்டும்.

எல்லாம் ஒழுங்கா பண்ணாலும் மேக்னடோமீட்டரால பட்டை எங்க ஓடுது, எந்தப் பக்கம் சாயுது, ஆழம் உத்தேசமா எவ்வளவுன்னுதான் சொல்ல முடியும். டன் சொல்ல முடியாது. டன் வேணும்னா டிரில் போட்டு உருளை உருளையா கோர் எடுக்கணும், பட்டைக்கு குறுக்க சாய்வா, ஒண்ணு ரெண்டு இல்ல, கட்டம் கட்டி நிறைய. அந்தக் கோர அரைச்சு லேப்ல டேவிஸ் டியூப்ல விடுவாங்க. சாய்ஞ்சு நிக்குற கண்ணாடிக் குழாய், ரெண்டு பக்கமும் மின்காந்தம், உள்ள தண்ணி ஓடும், குழாய் ஆடிட்டே இருக்கும், மேக்னடைட் பொடி காந்தத்துக்கிட்ட நின்னுடும், மணல் கழுவிட்டுப் போயிடும். நின்னத காய வச்சு எடை போடுறாங்களே, அந்த எண்ணுதான் மேக்னடைட் தாதுவோட ஜாதகம். மொத்த இரும்பு 37 சதவீதம்னு ரிப்போர்ட் வந்தாலும், அதுல எவ்வளவு காந்தத்துல பிரியுது, அதுக்கு எவ்வளவு நைஸா மாவரைக்கணும்ங்குறதுலதான் கம்பெனிக்காரன் லாபமே இருக்கு. மேலாக துருவேறின கல்லு காந்தத்துல பிரியாது, அதனாலயும் வரப்போரக் கல்ல வச்சு கீழ உள்ளத சொல்ல முடியாது.

இப்ப அண்ணனுங்களுக்கான கணக்கு. 4 ஏக்கர்னா சுமார் 16 ஆயிரம் சதுர மீட்டர். ரொம்ப தாராளமா, 8 மீட்டர் அகலத்துல 120 மீட்டர் நீளத்துக்கு பட்டை ஓடுது, 40 மீட்டர் ஆழம் வரைக்கும் போகுதுன்னே வைப்போம். 38,400 கன மீட்டர், 3.5ஆல பெருக்குனா 1 லட்சத்து 34 ஆயிரம் டன். கேக்க பெருசா இருக்கும். பிரிச்சு எடுத்தா பாதி தேறும். வருஷத்துக்கு 10 லட்சம் டன் ஸ்டீல் பண்ற ஆலைக்கு தாது ஏறக்குறைய 16 லட்சம் டன் வேணும், ஆக உங்க மொத்த நிலமும் அதுக்கு பதினஞ்சு நாள் தீனி. இதுக்காக எவனும் கிரஷர் மில்லு வைக்க மாட்டான், மலை நீளத்துக்கு இருந்தாதான் வருவான். மலையே இருந்தும் கவுத்திமலை சுரங்கத் திட்டம் என்னாச்சு, காடு, கோயில், ஊர்க்காரங்க எதிர்ப்புன்னு நின்னு போச்சு. கர்நாடகால குதிரேமுக் எவ்வளவு பெரிய மேக்னடைட் சுரங்கம், அதையே சுப்ரீம் கோர்ட் உத்தரவுல 2005 கடைசியோட நிறுத்துனாங்க.

அப்புறம் சட்டம். "நிலத்துக்கு அடியில இருக்குறதும் நிலத்துக்காரனுக்குத்தான்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு"ன்னு யாராவது சொந்தக்காரர் சொல்லுவாரு, 2013ல கேரளா கேஸ் ஒண்ணுல அப்படி தீர்ப்பு வந்தது நெசம்தான். ஆனா உரிமை இருக்குன்றதால தோண்டலாம்னு ஆகிடாது, 1957ம் வருஷத்து கனிமச் சட்டப்படி இரும்புத் தாதுவ லைசென்ஸ் இல்லாம தோண்டவும் கூடாது, தேடி டிரில் போடவும் கூடாது, 2015க்கு அப்புறம் குத்தகையே ஏலத்துலதான் போகுது. தனியார் ஆய்வு நிறுவனங்களுக்கு அங்கீகாரம் குடுத்து அரசாங்கம் அறிவிக்குது, உங்க ஸ்கேனர்காரர்கிட்ட அந்தக் கடிதம் இருக்கான்னு கேளுங்க, போன கட் பண்ணிடுவாரு.

நீங்க பண்ண வேண்டியது இவ்வளவுதான். இந்திய புவியியல் ஆய்வுத் துறையோட பூகோஷ் வெப்சைட்ல உங்க கிராமத்த தேடி மேப்ப பாருங்க, காசு இல்ல, மேக்னடைட் குவார்ட்சைட் கோடு உங்க ஊர்ப்பக்கம் ஓடுதான்னு தெரிஞ்சிடும். ஓடுச்சுன்னா அத அரசாங்கம் உங்களுக்கு முன்னாடியே பாத்து வச்சிருக்குன்னு அர்த்தம். மேல கேக்கணும்னா கிண்டில கனிமவளத் துறை ஆபீஸ் இருக்கு, மனு எழுதிக் குடுங்க. முக்கியமா அண்ணனுங்க யாரும் பவர், அக்ரிமெண்ட்டுன்னு எந்தப் பத்திரத்துலயும் கையெழுத்து போட்டுடக் கூடாது, 60 ஆயிரம் போனா திரும்ப சம்பாதிச்சுக்கலாம், பவர் எழுதிக் குடுத்த நிலத்த மீட்க கோர்ட்டுக்கு அலையணும்.

தராசு டெஸ்ட் பண்ணிட்டு எண்ணுங்கள அனுப்புங்க, நான் பாத்துச் சொல்றேன். டைல்ஸ் கோட்ட பகல் வெளிச்சத்துல போட்டோ எடுங்கம்மா, டியூப்லைட்ல எடுத்தா செவப்பும் கருப்பா தெரியும்.