கன்டெய்னரா, பேனல் வீடா, செங்கல் வீடா? முதலில் தெருமுக்கைப் பாருங்கள்

கேள்வி: சென்னையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டேன். தென்காசிப் பக்கம் சொந்த ஊரில் 15 சென்ட் புஞ்சை இருக்கிறது. நானும் மனைவியும் போய் இருக்கச் சின்ன வீடு போதும். 40 அடி கன்டெய்னர் வீடு எட்டரை லட்சத்துக்குக் கிடைக்கிறது, ஒரே நாளில் இறக்கிவிடுவார்கள் என்கிறான் மகன். மச்சினர், பேனல் வீடு என்றால் மூன்று மாதத்தில் சாவி என்கிறார். மனைவிக்குச் செங்கல் வீடுதான் வீடு. எதைச் செய்வது சார்?

பதில்: அந்த எட்டரை லட்சத்தை முதலில் வகுத்துப் பார்த்துவிடுவோம். கன்டெய்னர் 40 அடி நீளம், 8 அடி அகலம். 320 சதுர அடி. கொத்தனாரும் சுவரைச் சேர்த்துத்தான் அளப்பார் என்பதால் வெளி அளவையே எடுத்துக்கொள்வோம். சதுர அடிக்கு 2,656 ரூபாய் வருகிறது. உங்கள் ஊர் கான்ட்ராக்டரிடம் இந்த விலையைச் சொல்லிப் பாருங்கள், செங்கல் வீட்டையே பேச ஆரம்பித்துவிடுவார். இதில் பீடம் (வீடு உட்காரும் அடிமேடை), செப்டிக் டேங்க், போர்வெல், கரன்ட் இணைப்பு, கிரேன் வாடகை எதுவும் கிடையாது. கொட்டேஷனில் கீழே சின்ன எழுத்தில் 'சைட் வேலை தனி' என்று இருக்கும், பாருங்கள்.

அடுத்து, உள்ளே எவ்வளவு இடம்? தகரத்துக்கு உள்பக்கம் அகலம் 7 அடி 8 அங்குலம். வெயில் இறங்காமல் இருக்க இன்சுலேஷன் வைத்துப் போர்டு அடித்தால் பக்கத்துக்கு 3 அங்குலம் போகும். மிச்சம் 7 அடி 2 அங்குலம். ஆறரை அடிக் கட்டிலைக் குறுக்கே போட்டால் கால்மாட்டில் நடக்க முடியாது. நீளவாக்கில் போட்டால் பக்கத்தில் இரண்டடிச் சந்து. உயரம் இதைவிட மோசம். சாதாரணக் கன்டெய்னரில் உள்ளுயரம் 7 அடி 10 அங்குலம். மேலே 3 அங்குலம் சீலிங், அதிலிருந்து ஓரடி இறங்கி ஃபேன். இறக்கை உங்கள் தலைக்கு மேலே, தரையிலிருந்து ஆறரை அடி உயரத்தில் சுற்றும். பனியன் கழற்றக் கையைத் தூக்கினால் முடிந்தது கதை. 'ஹை க்யூப்' என்ற உயர ரகம் ஓரடி கூடுதல். அதிலும் சீலிங் அடித்த பிறகு, தேசியக் கட்டட விதித்தொகுப்பு வசிக்கும் அறைக்குச் சொல்லும் 2.75 மீட்டர், அதாவது 9 அடி, வராது.

பாரம் நான்கு மூலைத் தூண்களில் இறங்குகிறது என்றாலும், அந்த மடிப்புத் தகரச் சுவரும் சேர்ந்துதான் பெட்டியை விறைப்பாக வைத்திருக்கிறது. பெரிய ஜன்னல் வேண்டும் என்று வெட்டினால் சுற்றிலும் இரும்புச் சட்டம் கொடுத்தாக வேண்டும். வெட்டி வெல்டிங் வைத்த இடத்தில்தான் துரு முதலில் பிடிக்கும். பழைய கன்டெய்னர் என்றால் கதவில் அடித்திருக்கும் தகட்டையும் படியுங்கள். தரைப் பலகைக்கு என்ன பூச்சிமருந்து போட்டார்கள் என்பது அதில் இருக்கும். அதன் மேல்தான் நீங்கள் பாய் விரிக்கப் போகிறீர்கள்.

இதெல்லாம் பெட்டி உங்கள் மனைக்கு வந்து சேர்ந்த பிறகு. பிரதான சாலையிலிருந்து உங்கள் தெரு திரும்பும் முக்கில் போய் நில்லுங்கள். டிரெய்லரும் இழுக்கும் வண்டியும் சேர்ந்தால் 50 அடிக்கு மேல். அது அங்கே திரும்புமா? வழியில் கரன்ட் கம்பி எங்கே தாழத் தொங்குகிறது? மனையில் கிரேன் காலூன்ற இடம் உண்டா? இதை வீடியோ எடுத்து மகனுக்கு அனுப்புங்கள். பாதிக் கன்டெய்னர் ஆசைகள் இந்த முக்கிலேயே நின்றுவிடும்.

மச்சினர் சொல்வது வேறு ரகம். ஆனால் 'பேனல் வீடு' என்ற ஒரே பெயரில் மூன்று சாமான்களை விற்கிறார்கள், எது என்று கேளுங்கள். ஒன்று, இரண்டு தகட்டுக்கு நடுவே நுரை அடைத்த பஃப் பேனல். சைட் ஆபீஸுக்கு நல்லது, குடியிருக்க நான் சொல்லமாட்டேன். நுரையில் தீப்பிடித்துக்கொண்டால் தீயைவிடப் புகை கெடுதல். இரண்டாவது, மெல்லிய எஃகுச் சட்டத்தில் சிமென்ட் போர்டு அடிப்பது. முறையாகச் செய்தால் நல்ல வீடுதான். மூன்றாவது, வார்த்துக் கொண்டுவரும் ப்ரீகாஸ்ட் கான்கிரீட். சென்னை பெரும்பாக்கத்தில் 2022-இல் திறந்த 1,152 வீடுகள் அப்படிக் கட்டியவை. ஒரே அச்சில் ஆயிரம் வீடு என்றால் கட்டுபடியாகும். உங்கள் ஒற்றை வீட்டுக்காக யாரும் அச்சுச் செய்யமாட்டார்கள்.

இரண்டாவது ரகத்தில் நான் பட்டது ஒன்று உண்டு. தொழிற்சாலையில் மில்லிமீட்டர் கணக்கில் சட்டம் செய்து லாரியில் வந்தது. ஊர்க் கொத்தனார் தண்ணீர் டியூப் வைத்து மட்டம் பிடித்துப் போட்ட பீடம் ஒரு மூலையில் ஓர் அங்குலம் தாழ்வு. கம்பெனிக்காரர்கள் தகடு சொருகிச் சமாளித்துவிட்டுப் போனார்கள். நானும் விட்டுவிட்டேன். இரண்டு மழைக்காலம் கழித்துப் போனால் படுக்கையறைக் கதவு தானாகத் திறந்துகொண்டது, குளியலறை மூலையில் போர்டு இணைப்பு வாய் பிளந்திருந்தது. கம்பெனி ஆள் வர இரண்டு மாதம் ஆயிற்று. ஊர் மேஸ்திரியோ சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, 'இது நம்ம வேலை இல்லீங்க' என்று போய்விட்டார்.

உங்கள் இடத்தில் இன்னொன்றும் சேரும். செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் காற்று உங்களுக்குத் தெரியாததல்ல. லேசான கூரையை அது மேல்நோக்கித் தூக்கப் பார்க்கும். வீட்டைப் பீடத்தோடு பிடித்து வைக்கும் ஆங்கர் போல்ட் எத்தனை, எவ்வளவு ஆழம் என்று எழுத்தில் வாங்குங்கள். தகரக் கூரையில் சாரல் விழும் சத்தம் முதல் நாள் சங்கீதம், பத்தாம் நாள் தலைவலி.

அனுமதி விஷயத்தில் 'இது நகரும் பெட்டிதானே சார், அப்ரூவல் வேண்டாம்' என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். தகரமோ செங்கலோ, குடியிருக்க நிலையாக வைத்தால் அது கட்டடம். வரைபடம் விதிப்படிதான் என்று நீங்களே உறுதி கொடுத்து உடனே அனுமதி வாங்கும் சுயசான்று முறை 2024-இல் வந்தபோது 2,500 சதுர அடி வரையான மனைக்குத்தான். உங்கள் 15 சென்ட் 6,534 சதுர அடி, ஆகவே வழக்கமான வழிதான். புஞ்சையில் வீடு கட்ட வேறு அனுமதி வேண்டுமா என்றும் முன்பே கேட்டுவிடுங்கள்.

என் முடிவு: உங்கள் மனைவி சொல்வதுதான். கன்டெய்னரும் பேனலும் உங்களுக்குக் கொடுப்பது வேகம், அல்லது தூக்கிக்கொண்டு போகும் வசதி. ஓய்வு பெற்று, சொந்த நிலத்தில், கடைசிவரை இருக்கப் போகிறவருக்கு இரண்டும் தேவையில்லை. குத்தகை நிலமாக இருந்தால் நானே கன்டெய்னர் என்று சொல்லியிருப்பேன்.

600 சதுர அடியில் தரைத்தளம் மட்டும் போடுங்கள். ஒரு குழி தோண்டிப் பாருங்கள். செம்மண்ணோ சரளையோ வந்தால் தூண் வேண்டாம். 9 அங்குலச் சுவர், பீட மட்டத்திலும், கதவு ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டத்திலும் சுற்றிக் கான்கிரீட் பெல்ட் போதும். எல்லா வீட்டுக்கும் பில்லர் நிறுத்துவது இப்போது ஒரு மோகம். கரிசல் வந்தால் மட்டும் வேலையை நிறுத்திவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள், அந்த மண் மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும். சென்னையிலிருந்து போனில் மேற்பார்வை பார்க்காதீர்கள். ஏழெட்டு மாதம் ஊரில் வாடகைக்கு இருங்கள். பணத்தை பீடம், லிண்டல், கூரை, பூச்சு என்று வேலை முடிந்த பிறகே பிரித்துக் கொடுங்கள்.

அதற்கும் முடியாது, பேனல்தான் என்றால், அதே கம்பெனி ஐந்து வருடத்துக்கு முன் கட்டிய வீடு ஒன்றைச் சாரல் காலத்தில் காட்டச் சொல்லுங்கள். வரவேற்பறையில் உட்கார்ந்து காபி குடிக்க வேண்டாம். நேரே குளியலறைக்குப் போய், ஷவருக்கு மேலே உள்ள மூலை இணைப்பை விரலால் தடவிப் பாருங்கள்.