வேகம் கூட்டினால் பிக் தடுக்குகிறதே, ஏன்?

கேள்வி: களியக்காவிளைப் பக்கம் எங்கள் சபை குவயரில் இரண்டு வருடமாக கிட்டார் வாசிக்கிறேன். கார்டுகள் கைவந்துவிட்டன. சோலோ வாசிக்கும் ஆசையில் ஏ மைனர் பென்டடோனிக் என்ற ஐந்து சுர ஸ்கேலை மனப்பாடம் செய்தேன். வேகம் கூட்டினால் கம்பியை மீட்டும் பிக் கம்பியிலேயே மாட்டுகிறது, மெதுவாக வாசித்தால் பாட்டாகவே கேட்கவில்லை. இன்னும் நிறைய ஸ்கேல் படிக்க வேண்டுமா அண்ணா?

பதில்: வேண்டாம் தம்பி, இப்போதைக்கு இந்த ஒன்று போதும். சிக்கல் உங்கள் வலது கையில் இருக்கிறது.

ஐந்தாம் ஃப்ரெட்டில், அதாவது கிட்டார் கழுத்தின் ஐந்தாவது கட்டத்தில், தொடங்கும் அந்த வடிவத்தில் கம்பிக்கு இரண்டு சுரம். கீழே, மேலே என்று மாற்றி மாற்றி அடித்தால் ஒவ்வொரு கம்பியிலும் இரண்டாவது சுரம் மேல் அடியில் முடியும், பிக்கும் அந்தக் கம்பிக்கு மேல்பக்கம் போய்விடும், ஆனால் அடுத்து அடிக்க வேண்டிய கம்பி இருப்பதோ கீழ்ப்பக்கம். அடித்த கம்பியையே மறுபடி தாண்டி இறங்க வேண்டியிருக்கிறது, மாட்டுவது அங்கேதான். இது தெரியாமல் இடது கை விரல்களையே மாதக்கணக்கில் பழக்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

பிக்கை லேசாகச் சாய்த்துப் பிடியுங்கள்: நுனி கூரையைப் பார்க்க, நீங்கள் பிடித்திருக்கும் பக்கம் தரையைப் பார்க்க. கொஞ்சம் சாய்ந்தாலே மேல் அடியில் பிக் தானாகக் கம்பிகளை விட்டு எழும்பும், அடுத்த கம்பியில் தடையில்லாமல் இறங்கலாம். விரலுக்கு வெளியே நுனி இரண்டு மூன்று மில்லிமீட்டர் தெரிந்தால் போதும்.

பயிற்சிக்கு ஆறு கம்பியும் வேண்டாம். தடித்த ஆறாம் கம்பியில் 5, 8 ஃப்ரெட்டுகள், ஐந்தாம் கம்பியில் 5, 7 ஃப்ரெட்டுகள், இந்த நான்கு சுரத்தையே சுற்றிச் சுற்றி வாசியுங்கள். சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-இல் வைத்து ஒரு தட்டுக்கு ஒரு சுரம், சுத்தமாக வந்தபிறகு இரண்டு, அப்புறம் நான்கு. எல்லை தாண்டினால் கேரளக் கோயில் திருவிழாக்களில் பஞ்சாரி என்ற செண்டை மேளம் கேட்டிருப்பீர்களே, தாளச் சுற்று 96 அட்சரத்தில் தொடங்கி 48, 24, 12, 6 என்று காலத்துக்குக் காலம் பாதியாகக் குறைந்து இறுகுமே, அந்தப் பொறுமை உங்களுக்கும் வேண்டும். நடுவில் ஒரு சுரம் மங்கினாலும் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடுங்கள்.

சரி, பாட்டாகக் கேட்கவில்லை என்றீர்களே. அந்த ஐந்து சுரமும் நம் சுத்த தன்யாசி ராகம்தான். அதே ஃப்ரெட்டுகளில் சி-யை ஸ-வாக வைத்தால் மோகனம். வரிசையாக ஏறி இறங்காமல், ஒரு சின்ன வரியை முதலில் வாயால் பாடுங்கள், பாடியதை மட்டும் விரலில் தேடுங்கள். வரி முடியும் இடத்தில் ஓடும் கார்டின் சுரத்தில் நில்லுங்கள்: ஏ மைனருக்கு ஏ, சி, ஈ; எஃப் வந்தால் ஏ அல்லது சி; ஜி வந்தால் ஜி அல்லது டி. குவயர் ஒரு வரி பாடி மூச்சு வாங்கும் இடைவெளி இருக்கிறதே, வரும் ஞாயிறு அங்கே மூன்று நான்கு சுரம் வாசித்துவிட்டு மறுபடி கார்டுக்கு வந்துவிடுங்கள்.