அம்மா ஏன் வேண்டாம் என்கிறார்? செல்லப்பிராணி கேள்வி-பதில்

முழுப் பரீட்சை முடிகிற நேரத்தில் எனக்கு வரும் கடிதங்களில் பாதி ஒரே ரகம்: "வீட்டில் எப்படிச் சம்மதிக்க வைப்பது?" ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஊசி போட்டுப் பழகிய எனக்குப் பெற்றோர் மனதை மாற்றும் மருந்து எதுவும் தெரியாது. ஆனால் 'வேண்டாம்' என்பதற்குப் பின்னால் ஏதாவது ஒரு பயம் இருக்கும். அது எது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. சில சமயம் அந்தப் பயம் நியாயமாகவும் இருக்கும்.

முயல் வளர்க்க ஆசை. அம்மா, "நாறும், நாலே நாளில் எல்லாம் என் தலையில் விழும்" என்கிறார். அப்பா அம்மாவைக் கை காட்டுகிறார்.
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, பெருமாள்புரம், பாளையங்கோட்டை

அம்மா சொன்னது இரண்டு காரணங்கள். நாற்றத்துக்குப் பதில் எளிது. முயல் தன்னைத்தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் பிராணி. வீச்சமெல்லாம் மூத்திரத்தில்தான். கூண்டுக்கு அடியில் தட்டு வைத்துத் தினமும் காலையில் கழுவினால் போதும். புழுக்கை நல்ல உரம். அம்மா மல்லிகைத் தொட்டி வைத்திருந்தால் இதை முதலில் சொல்.

'என் தலையில் விழும்' என்பது வாக்குறுதியால் தீராது. கூண்டு வைக்கப்போகும் இடத்தை இன்றே முடிவு செய். முயல் வராமலே ஒரு மாதம், பள்ளிக்குக் கிளம்பும் முன் அந்த இடத்தைப் பெருக்கிக் கழுவு. அருகம்புல்லோ வேலிமசால் என்ற தீவனச் செடியோ எங்கே கிடைக்கும் என்று பார்த்து வை; முயலின் சாப்பாட்டில் பெரும்பங்கு புல்தான், கேரட் எப்போதாவது தரும் தின்பண்டம். செய்ததைச் சொல்லிக் காட்டாதே. அம்மா எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டுதான் இருப்பார்.

அம்மா கேட்காததை நான் கேட்கிறேன். சித்திரை வெயிலில் கூண்டு எங்கே இருக்கும்? முயலுக்கு நம்மைப் போல வியர்க்காது. உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகத்தான் வெளியேற்றும். 30 டிகிரியைத் தாண்டினாலே திணற ஆரம்பிக்கும். பாளையங்கோட்டையிலோ கோடையில் 40-ஐத் தொட்டுவிடுகிறது. மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வைத்த முயல் மதியத்துக்குள் செத்துக் கிடந்தது என்று ஒவ்வொரு அக்கினி நட்சத்திரத்திலும் யாராவது வந்து சொல்கிறார்கள். தரைத்தளத்தில் காற்றோடும் நிழல் வேண்டும். கூண்டைச் சுற்றி ஈரச் சாக்கும், உள்ளே துணி சுற்றிய ஐஸ் பாட்டிலும் வேண்டும். "முயலுக்குத் தண்ணீர் வைக்கக் கூடாது" என்று ஒரு பேச்சு உண்டு. அதைக் கேட்டு முயலைக் கொன்றுவிடாதே.

ஆணும் பெண்ணுமாக ஜோடி சேர்த்துத் தந்தால் வாங்காதே. சினைக்காலம் 31 நாள்தான். குட்டி போட்ட அன்றே மறுபடியும் சினை பிடிக்கும். பிறகு அம்மா சொன்னதுதான் நடக்கும். ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு பெண் முயல்களைக் கேட்டு வாங்கு. நன்றாக வளர்த்தால் எட்டு, பத்து வருடம் இருக்கும். நீ கல்லூரி விடுதிக்குப் போனபின் யார் பார்ப்பது? இந்தக் கேள்வியை அப்பாவிடம் நீயே எடுத்துப் போ.

தெருவில் கிடந்த நாய்க்குட்டியை வீட்டுக்குத் தெரியாமல் மாட்டுத் தொழுவத்தில் வைத்திருக்கிறேன். பழகிவிட்டால் அப்பா விரட்ட மாட்டார்தானே?
– பிளஸ் ஒன் மாணவன், களக்காடு

இன்றைக்கே சொல்லிவிடு, தம்பி. குட்டி விளையாட்டாக உன்னைக் கடித்ததா, நகம் கீறியதா? அதன் தாய் எது, அதை எது கடித்தது என்று உனக்குத் தெரியாது. வெறிநோய் குட்டிக்கும் வரும். கீறல் இருந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போ. தடுப்பூசி அங்கே இலவசம். அறிகுறி தோன்றிவிட்டால் காப்பாற்ற வழி கிடையாது.

மாடு வைத்திருப்பவருக்குத் தொழுவத்தில் ஒரு நாய் இருப்பதன் பயன் தெரியும். கால்நடை மருந்தகமும் அவருக்குப் பழக்கமான இடம். குட்டிக்கு மூன்று மாதமானதும் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும் என்று அவரிடமே கேள். நீ நாயைக் கொண்டுவந்ததைவிட மறைத்ததுதான் அவருக்குக் கோபமூட்டும். உங்கள் வீடு மலையடிவாரத்தில் என்றால் இன்னொன்று: இரவில் வெளியே கட்டாதே. கட்டிப்போட்ட நாய் சிறுத்தைக்குச் சுலபமான இரை.

பூனைக்குட்டி வளர்க்க விரும்புகிறேன். அக்கா பேறுகாலத்துக்கு வந்திருக்கிறாள். "பூனை முடி வயிற்றுக்குள் போனால் கரு கலைந்துவிடும்" என்கிறார் அம்மா.
– 26 வயது வாசகி, அம்பாசமுத்திரம்

முடியால் கரு கலையாது. ஆனாலும் அம்மாவின் பயத்தை முழுக்க மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாதீர்கள். டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருக்கிறது. எலியையோ பச்சை இறைச்சியையோ தின்று முதல் முறையாக அது தொற்றிய பூனை, சில வாரங்களுக்கு மலத்தில் அதன் முட்டைகளை வெளியேற்றும். கர்ப்பிணிக்கு அப்போது புதிதாகத் தொற்றினால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்துதான். மலம் வெளியானவுடன் அது தொற்றாது. முட்டை முதிர ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். ஆகவே பூனை மலம் கழிக்கும் மண் தட்டைத் தினமும், அக்கா அல்லாத ஒருவர் சுத்தம் செய்தால் அபாயம் வெகுவாகக் குறையும். அரைவேக்காட்டு மட்டனும் சரியாகக் கழுவாத கீரையும் இதே ஒட்டுண்ணிக்கு வழிதான். அம்மாவின் கவலையை அந்தப் பக்கமும் திருப்பிவிடுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் தீர்ப்பு: பொறுங்கள். அக்கா கைப்பிள்ளையோடு தன் வீட்டுக்குப் போகட்டும். பிள்ளைப்பேற்று வீட்டில் வெந்நீர் போடவே ஆள் பற்றாது. அங்கே விவாதத்தில் ஜெயித்து என்ன ஆகப்போகிறது? அதுவரை ஜன்னலுக்கு வலை அடியுங்கள். பூனை வந்தபின், காய்ச்சல் என்று பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.

நண்பன் பனைமரப் பொந்திலிருந்து கிளிக்குஞ்சு எடுத்துத் தருவதாகச் சொல்கிறான். அப்பா பாவம் என்கிறார்.
– மாணவன், திசையன்விளை

அப்பா பாவம் என்கிறார். சட்டம் குற்றம் என்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் ஊர்ப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் வளர்ப்பதும் தண்டனைக்குரியவை. ஜோசியக்காரர் கூண்டில் இருக்கிறதே என்று கேட்காதே, அதுவும் குற்றம்தான். மயில்குஞ்சுக்கும் நட்சத்திர ஆமைக்கும் இதே பதில். பறவைதான் வேண்டுமென்றால் கடையில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கும் ஆஸ்திரேலியக் குருவிகளைக் கேள். கூண்டை அடுக்களைக்குப் பக்கத்தில் வைக்காதே. நான்-ஸ்டிக் தவா அதிகமாகக் காய்ந்தால் வரும் புகையில் அவை சில நிமிடங்களில் செத்துவிடும்.

எங்களுடையது சைவ வீடு. மீன், மாமிசம் உள்ளே வரக் கூடாது என்று ஆச்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். என்ன வளர்க்கலாம்?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி டவுன்

பூனையை விட்டுவிடு. மாமிசம் இல்லாமல் அதன் கண்ணும் இதயமும் கெடும். ஆச்சிக்காகப் பூனையைச் சைவமாக்க முடியாது. கினி பிக் என்ற, முயலைப் போலப் புல் தின்னும் சிறு பிராணி உங்கள் வீட்டுக்குப் பொருந்தும். புல், கீரை, காய் தவிர வேறெதையும் கேட்காது. நம்மைப் போலவே அதன் உடம்பும் வைட்டமின் சி-யைத் தானாகத் தயாரிக்காது, அதனால் தினமும் கொய்யாத் துண்டோ கொஞ்சம் நெல்லிக்காயோ வேண்டும். தனியாக வைத்தால் ஏங்கிப்போகும். ஸ்விட்சர்லாந்தில் ஒற்றையாக வளர்க்கச் சட்டமே அனுமதிப்பதில்லை. இரண்டு பெண்ணாக வாங்கு. காக்கைக்குச் சோறு வைக்காமல் சாப்பிடாத ஆச்சியாக இருந்தால், கீரைத் தண்டைப் போடும் வேலையை அவரிடமே விடு. கீரைக்கட்டின் சத்தம் கேட்டதும் அவை 'வீக் வீக்' என்று கத்தும். அதற்கு மேல் நீ பேச வேண்டியிருக்காது.

எனக்கும் பையன்கள் இருவருக்கும் (6, 9 வயது) மீன் தொட்டி வைக்க ஆசை. மனைவி மட்டும் மறுக்கிறார்.
– வாசகர், வள்ளியூர்

மூன்று பேர் சேர்ந்து ஒருவரை மடக்கப் பார்க்கிறீர்கள். ஆறு வயதுப் பிள்ளை எதையும் பொறுப்பேற்காது. தண்ணீர் மாற்றப்போவது நீங்கள். இதை மனைவியிடம் வாய்விட்டுச் சொன்னீர்களா? சொல்லிவிட்டு, உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தைத் தவிர்த்து இரண்டடித் தொட்டி வாங்குங்கள். ஃபில்டரை ஓடவிட்டுச் சில வாரம் கழித்து, முதலில் இரண்டு மூன்று மீன் மட்டும் விடுங்கள். அழுக்கைச் சிதைக்கும் பாக்டீரியா போதுமான அளவு பெருகும் முன் கூட்டமாக விட்டால்தான் முதல் வாரமே மீன் மிதக்கிறது. வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீர் மாற்றினால் போதும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அதை நீக்கும் சொட்டு மருந்து கடையில் கிடைக்கும். கப்பி வாங்கினால் மாதாமாதம் குஞ்சு போடும். மிஞ்சியதை வாய்க்காலிலும் குளத்திலும் விடாதீர்கள், அது தென் அமெரிக்க மீன். வாங்கும்போதே கடைக்காரரிடம் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்று கேட்டு வையுங்கள்.