பைன் காட்டில் பறித்த ஆரஞ்சுக் காளான் பச்சையாக மாறுகிறதே, கெட்டுப்போய்விட்டதா?

இல்லை, அதன் சுபாவமே அப்படித்தான். வெட்டினால் கேரட் நிறத்தில் பால் கசிகிறது என்றால் அது பெரும்பாலும் லாக்டேரியஸ் டெலிசியோசஸ் என்கிற உண்ணத்தக்க காளான், இல்லாவிட்டால் அதன் நெருங்கிய சொந்தம். கத்தியோ விரலோ பட்ட இடம் மெல்ல மெல்லப் பச்சையாகும், அதனால்தான் முற்றிய காளானின் குடை பாசி பிடித்த மாதிரி திட்டுத் திட்டாகத் தெரிகிறது. பார்க்க நன்றாக இருக்காது, ஆனால் அடையாளம் காண அதுவே பெரிய உதவி. குடைமேல் வட்ட வட்டமாக அடர்நிற வளையங்களும் தண்டில் சின்னச் சின்னக் குழிகளும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

பைன் வேரோடு ஒட்டி வாழ்கிற பூஞ்சை இது. மரத்துக்குத் தண்ணீரும் தாது உப்பும் தேடிக் கொடுத்துவிட்டுச் சர்க்கரையை வாங்கிக்கொள்ளும். ஆஸ்திரேலியாவுக்குக்கூட இறக்குமதியான பைன் மரங்களோடுதான் போய்ச் சேர்ந்தது.

கவனம், பால் வெள்ளையாக இருந்து குடை விளிம்பில் கம்பளி போல ரோமமும் இருந்தால் அது லாக்டேரியஸ் டார்மினோசஸாக இருக்கலாம், வயிற்றை ஒரு வழி பண்ணிவிடும். போட்டோவை மட்டும் நம்பிச் சமைக்காதீர்கள், விவரம் தெரிந்தவர் கையில் எடுத்துப் பார்த்துச் சொல்லட்டும். அப்புறம் ஒன்று, இந்த ஆரஞ்சுக் காளானை நிறையச் சாப்பிட்டால் சிறுநீர் சிவப்பாகப் போகலாம், ரத்தம் என்று பதற வேண்டாம்.