பாலைவனம் பக்கத்திலேயே இருந்தும் துபாயின் பாம் ஜுமைரா என்ற செயற்கைத் தீவுக்கு ஏன் கடல் மணலைப் போட்டார்கள்?

பாலைவன மணலைக் காற்று உருட்டி உருட்டி வழவழப்பாக்கிவிடுகிறது. தண்ணீரில் கொட்டினால் இறுகாமல் சரியும். அதனால் 2001-இல் துபாயில் வேலை தொடங்கியபோது கடலடி மணலைத்தான் கப்பலில் உறிஞ்சி வந்து, மூக்குக் குழாய் வழியாகப் பீய்ச்சி, ஜிபிஎஸ் பார்த்து மேடு கட்டினார்கள். மொத்தம் சுமார் 9.4 கோடி கன மீட்டர்.

இப்படிக் கொட்டிய மணல் பொலபொலவென்றுதான் இருக்கும். நிலநடுக்கம் வந்தால் குழம்பாகிவிடும், மேலே உள்ள கட்டடம் புதையும். ஆகவே அதிரும் இரும்புத் தண்டை ஆழத்துக்கு இறக்கித் துகள்களை நெருக்குவார்கள். மேலே குழி விழ விழ மணல் போட்டு நிரப்புவார்கள். வில்லாவின் ஆடம்பரத்தைவிட இந்த வேலையின் தரம்தான் முக்கியம்.

சுற்றிலும் 11 கி.மீ. பாறை அலைத்தடுப்பு. அதில் இடைவெளியே இல்லாவிட்டால் உள்ளே நீர் தேங்கிக் கெட்டுவிடும் என்பதால், பிறகு இரண்டு இடங்களில் திறப்பு வைத்தார்கள்.